டினோ ராஜா: டிராஃப்ட் 1989இல், பாஸ்டன் ஆட்டம் 1993இல். இடையில் என்ன நடந்தது?

கேள்வி

குரோஷியாவின் ஸ்ப்லிட் நகரில் 1967இல் பிறந்த கூடைப்பந்து வீரர் டினோ ராஜா (அவர்கள் ஊர் உச்சரிப்பிலும் ஏறக்குறைய நம்முடைய ‘ராஜா’தான்) ஆடிய அணிகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன். யூகோபிளாஸ்திகா, ரோம், பாஸ்டன் செல்டிக்ஸ், பனாதினைகோஸ், சதார், ஒலிம்பியாகோஸ், சிபோனா, ஸ்ப்லிட் என்று எட்டு அணிகள் வருகின்றன. இவற்றில் இரண்டு இடங்கள் எனக்குப் பிடிபடவில்லை. 1989 டிராஃப்டில் (அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏவின் அணிகள் புதிய வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) செல்டிக்ஸ் அவரை 40ஆவதாகத் தேர்ந்தெடுத்திருக்கிறது; ஆனால் அவர் பாஸ்டனில் ஆடத் தொடங்கியது 1993இல்தான். அடுத்து, என்பிஏவில் 224 ஆட்டங்களில் சராசரியாக 16.7 புள்ளிகளும் 8.4 ரீபவுண்டுகளும் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவது) எடுத்த ஒருவர் முப்பது வயதிலேயே ஐரோப்பாவுக்குத் திரும்பக் காரணம் காயமா, பணமா, மனக்கசப்பா?

மறுமொழி 1

முதல் கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன். 1989 கோடையில் யூகோஸ்லாவிய வீரர்களான திவாட்ஸ் லேக்கர்ஸுக்கும், டிராஜென் பெட்ரோவிச் போர்ட்லண்டுக்கும் என்று என்பிஏ அணிகளுக்குப் போனார்கள். ராஜாவும் செல்டிக்ஸோடு கையெழுத்திட்டார். ஆனால் ஏற்கெனவே தங்களுக்கு எழுதிக்கொடுத்த ஒப்பந்தம் முடியவில்லை என்று யூகோபிளாஸ்திகா நிர்வாகம் மறித்ததால் விவகாரம் பாஸ்டன் நீதிமன்றம் வரை போனது. அந்தப் பருவம் அவர் ஸ்ப்லிட்டிலேயே ஆடினார். அதனால் நட்டம் ஒன்றும் இல்லை. 1989இல் மியூனிக்கில் மக்காபி டெல் அவிவை 75-69 என்று வென்று ஐரோப்பியக் கோப்பையை எடுத்த அதே அணி, 1990இல் சரகோசாவில் பார்சிலோனாவை 72-67 என்று வென்று அதைத் தக்கவைத்துக்கொண்டது.

அதன் பிறகும் அவர் பாஸ்டன் போகாமல் ரோமுக்குப் போனதற்குப் பணம் முக்கியக் காரணம் என்றே நினைக்கிறேன். ‘இல் மெஸ்ஸாஜேரோ’ நாளிதழின் பெயரில் ஆடிய அந்த அணியின் பின்னால் ஃபெருத்ஸி தொழில் குழுமம் இருந்தது. இத்தாலிய லீக்கில் அப்போது ஓர் அணிக்கு இரண்டு வெளிநாட்டவர் மட்டுமே ஆடலாம் என்பதால், அந்த இருவர் தோளில்தான் தாக்குதலின் சுமை முழுவதும் இருக்கும். பாஸ்டனிலோ பெர்ட், மெக்கேல், பாரிஷ் என்ற மூத்த நட்சத்திரங்கள் மூவரும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தார்கள். இருபத்து மூன்று வயதுக்காரர் அங்கே பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார். ரோமில் அவர் 1992இல் ஐரோப்பிய கிளப்புகளுக்கான கோராச் கோப்பையை வென்றார். அதே ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக் இறுதிப் போட்டியில், அமெரிக்காவின் ‘கனவு அணி’க்கு எதிராகக் குரோஷியா முதல் பாதியின் நடுவில் 25-23 என்று முன்னிலை பெற்றது. முடிவில் 117-85 என்று தோற்றாலும் ராஜா 23 புள்ளிகள் எடுத்தார்.

மறுமொழி 2

மேலே எழுதியவரோடு ஓரளவு முரண்படுகிறேன். ரோமில் கழிந்த மூன்றாண்டுகள் ராஜாவுக்கு இனித்திருக்கலாம்; ஆனால் அதற்குள் பாஸ்டன் கரைந்துவிட்டது. பெர்ட் 1992இலும் மெக்கேல் 1993இலும் ஓய்வு பெற்றனர். அந்த 1993 ஜூன் 7ஆம் தேதி ஜெர்மானிய நெடுஞ்சாலை விபத்தில் பெட்ரோவிச் இறந்தார். ஜூலை 27ஆம் தேதி செல்டிக்ஸின் அணித்தலைவர் ரெஜி லூயிஸ் பயிற்சியின்போது சரிந்து விழுந்து இறந்தார். தேசிய அணித் தோழனைப் பறிகொடுத்த கோடையிலேயே, தலைவனை இழந்து நின்ற ஓர் அணிக்குள் ராஜா நுழைந்தார் என்பதை எண்ணிப் பாருங்கள். அவருடைய நான்கு பருவங்களில் அந்த அணி பிளேஆஃபுக்கு (பருவ முடிவில் பட்டத்துக்காக நடக்கும் சுற்றுகள்) போனது ஒரே ஒரு முறை, 1995இல்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. சராசரியைப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு பருவத்திலும் எத்தனை ஆட்டங்கள் ஆடினார் என்று பாருங்கள்: 80, 66, 53, 25. மூன்றாவது பருவத்தில் 19.7 புள்ளிகளும் 9.8 ரீபவுண்டுகளும் எடுத்தவர்தான். ஆனால் உடம்பு ஈடுகொடுக்கவில்லை. நான்காவது பருவத்தில் முழங்கால் அறுவை சிகிச்சை. செல்டிக்ஸ் அந்த ஆண்டு 15 ஆட்டங்களில் வென்று 67இல் தோற்றது. 1997இல் புதிய பயிற்சியாளராக வந்த ரிக் பிட்டினோ அவரைப் பிலடெல்பியா அணிக்கு அனுப்பி, மாற்றாகக் கிளாரன்ஸ் வெதர்ஸ்பூனையும் மைக்கேல் கேஜையும் வாங்கப் பார்த்தார். பிலடெல்பியா மருத்துவர்கள் முழங்காலைச் சோதித்துவிட்டுத் தேறாது என்று சொல்ல, பரிமாற்றமே ரத்தாயிற்று. கிளப் கைகழுவிய வீரர், வாங்க வந்தவரும் வேண்டாம் என்று சொன்ன வீரர் என்ற நிலையில் ஒப்பந்தத்தின் மீதியைப் பேசித் தீர்த்துக்கொண்டு கிளம்பினார்.

கேட்டவர்

மிக்க நன்றி. ஆட்ட எண்ணிக்கையை நான் கவனிக்கவே இல்லை. அப்படியானால் பனாதினைகோஸுக்குப் பிறகு அணி மாறிக்கொண்டே இருந்ததும் அந்த முழங்காலால்தானா?

மறுமொழி 3

அப்படிச் சொல்வதற்கில்லை. பிலடெல்பியா மருத்துவர்கள் தள்ளுபடி செய்த அந்த முழங்காலோடு அவர் மேலும் ஆறு பருவங்கள் ஆடினார். என்பிஏவின் 82 ஆட்டங்களோடு ஒப்பிட்டால் ஐரோப்பிய லீக் அட்டவணை உடம்புக்கு இதமானது. அது அவரைக் காப்பாற்றியது என்றே கருதுகிறேன். ஏதென்ஸ் அணியான பனாதினைகோஸோடு 1998, 1999 ஆகிய இரண்டு ஆண்டுகளும் கிரேக்கப் பட்டம் வென்றார். அடுத்த ஆண்டு சதாரில் குரோஷியக் கோப்பை. பின்னர் பனாதினைகோஸின் பரம எதிரியான ஒலிம்பியாகோஸுக்குப் போனது ஏதென்ஸ் ரசிகர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் பட்டியலில் ஒரு திருத்தம்: அணிகள் எட்டு அல்ல, ஏழு. யூகோபிளாஸ்திகா என்பது ஸ்ப்லிட்டின் பிளாஸ்டிக் தொழிற்சாலை ஒன்றின் பெயர். அந்தப் பெயரில் ஆடிய கிளப்தான் உங்கள் பட்டியலின் கடைசியில் இருக்கும் ஸ்ப்லிட். இன்னொன்றையும் கவனியுங்கள். குரோஷிய லீக் தொடங்கிய 1992 முதல் 2002 வரை பதினொரு முறையும் பட்டம் சாக்ரெப்பின் சிபோனாவுக்கே போனது. அந்தப் பதினொன்றாவது பட்டத்தை வென்ற அணியில் ராஜாவும் இருந்தார். அடுத்த ஆண்டே ஊருக்குத் திரும்பினார். 2003இல் ஸ்ப்லிட் தன் முதல் குரோஷிய லீக் பட்டத்தை வென்றது. அந்தப் பருவத்தோடு அவர் ஆட்டத்தை நிறுத்திக்கொண்டார்.