எம்ஜிபி கார்: சூட்டில ஐட்லிங் ஒயில் பிரஷர் 12 பிஎஸ்ஐ. ஸ்பிரிங்கா, பெயாரிங்கா?

கல்லடி வாவி:
1798 சிசி எஞ்சின். நல்லா சூடாகி காத்தான்குடி நெரிசலில நிக்கக்குள்ள டேஷ் கேஜ் 12 காட்டுது, 3000 ஆர்பிஎம்மில 55. ஒயில் 20டபிள்யூ-50, மட்டம் சரி. ரிலீஃப் வால்வ் (பிரஷர் கூடினா திறந்து ஒயிலை விடுற வால்வ்) ஸ்பிரிங்குக்குப் பின்னால வாஷர் வெச்சா பிரஷர் ஏறும் எண்டு கராஜில சொல்றாங்க. வெக்கலாமா?

வாகரைக்காரன்:
வைங்க. பழைய ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். பிளாக்கின் இடப்பக்கம், பின்னுக்கு ஒரு குமிழ் நட் இருக்கு. கழட்டினா ஸ்பிரிங்கும் வால்வும் கையில வந்திடும்.

அக்கரைப்பற்று நானா:
தம்பி, அந்த வால்வ் திறக்கிறதே 70 பிஎஸ்ஐ கிட்ட. 12 இல அது மூடித்தான் கிடக்கும். மூடின கதவுக்கு இன்னொரு பூட்டு எதுக்கு? ஐட்லிங் அப்பிடியேதான் இருக்கும். காலையில குளிர்ந்த எஞ்சினை முறுக்கக்குள்ளதான் பிரஷர் தேவையில்லாம ஏறி பில்டர் சீலைப் பிதுக்கும்.

வாகரைக்காரன்:
வால்வ் சீட்டில குப்பை சிக்கியிருந்தா 12 இலயும் ஒழுகும்தானே நானா?

அக்கரைப்பற்று நானா:
ஒழுகும், ஒத்துக்கிறன். அதுக்கும் வாஷர் மருந்தில்ல. வால்வ் முகத்தைத் துடைச்சு வெளிச்சத்தில பிடிங்க. சுத்திவர ஒரே வளையமா தேய்மானம் இருந்தா நல்லம். ஒரு பக்கம் மட்டும் மினுங்கினா சரியா அமரல்ல. ஸ்பிரிங் சும்மா கிடக்கக்குள்ள 3 அங்குலம் இருக்கணும், குறைஞ்சா புதுசு போடுங்க.

ஆனா முதல் வேலை கேஜை நம்பாம விடுறது. 0–100 மெக்கானிக்கல் டெஸ்ட் கேஜ் ஒண்டை பிளாக்கில ஹோஸ் பிடிச்சிருக்கிற இடத்திலயே பூட்டுங்க. புரி பொருந்தாட்டி அடாப்டர் தேடுங்க, வலிஞ்சு முறுக்கினா பிளாக் புரி போயிடும். அரை மணித்தியாலம் ஓடிட்டு வந்து ஐட்லிங்கில ஒண்டு, 3000 இல ஒண்டு எழுதுங்க. ஐட்லிங் எத்தனை ஆர்பிஎம் எண்டும் எழுதுங்க. 500 க்கு இறங்கினா பிரஷரும் இறங்கும். புத்தகக் கணக்கு ஓடக்குள்ள 50–80, ஐட்லிங்கில 10–25. உங்கட 12 அதுக்குள்ளதான் இருக்கு.

தோணாக்கரை:
டிப் ஸ்டிக்கை மணந்தும் பாருங்க. சோக் ஒட்டி எஸ்யூ கார்பரேட்டர் பெற்றோலை அள்ளிக் குடுத்தா ஒயில் தண்ணியாகும். கேஜுக்குப் போற றப்பர் ஹோஸையும் வளைச்சுப் பாருங்க. அது வெடிச்சா பம்பே ஒயில் முழுக்க ரோட்டில கொட்டிடும்.

வாகரைக்காரன்:
இதெல்லாத்துக்கும் கெட்டி ஒயில் ஊத்திட்டுப் போகலாம்.

அக்கரைப்பற்று நானா:
ஊத்தினா முள்ளு ஏறும். ஒயிலை ஒழுக விட்டு பிரஷரைக் குறைக்கிற தேய்ஞ்ச பெயாரிங் தேய்ஞ்சபடிதான் இருக்கும், குளிரில ஒயில் மேல போறதுக்கும் சுணங்கும். டெஸ்ட் கேஜிலயும் 3000 இல 40 க்குக் கீழ, வால்வும் சுத்தம் எண்டா எஞ்சினுக்கு அடியில இருக்கிற ஒயில் சம்பைக் கழட்டி ஒரு பிக் எண்ட் பெயாரிங்கை (கனெக்டிங் ரொட் கிராங்கில பிடிக்கிற இடத்து பெயாரிங்) பாருங்க. ஈயப்பூச்சு போய் செம்பு நிறம் தெரிஞ்சா கதை முடிஞ்சுது.

கல்லடி வாவி:
டெஸ்ட் கேஜில ஐட்லிங் 700 இல 18, 3000 இல 60. டேஷ் கேஜ்தான் குறைச்சுக் காட்டுது. ஹோஸில ரெண்டு இடம் வெடிப்பு, மாத்தியாச்சு. வாஷர் வெக்கல்ல.

வாகரைக்காரன்:
அந்த வால்வை ஒருக்கா கழட்டித் துடைச்சிருக்கலாம்.