அம்மாவின் முதல் விமானப் பயணம்: டேப் (டேப்லெட்) பற்றி ஒரு உதவி

வணக்கம் உறவுகளே. பொகவந்தலாவையிலிருந்து எழுதுகிறேன். அடுத்த மாதம் அம்மா கட்டாரில் இருக்கும் தங்கச்சியைப் பார்க்கப் போகிறார். முதல் பயணம், அதுவும் தனியாக, ஏறத்தாழ 5 மணி நேரம்.

சீட்டில் திரை இல்லையாம். விமானத்துக்குள் படங்களைச் சேமித்து வைத்திருக்கும் சர்வர் கணினியிலிருந்து வைஃபை மூலம் நம்முடைய டேப்பில்தான் படம் பார்க்க வேண்டும். ஃபிளைட் மோடில் வைஃபையை மட்டும் போட்டால் சரி, இன்டர்நெட் வேண்டாம். ஆனால் 30 வருடம் தேயிலைக் கொழுந்து பறித்த விரல் அம்மாவுக்கு. நுனி காய்த்துப்போய், நாலு தரம் தட்டினால்தான் திரை ஒரு தரம் கேட்கிறது. தொடுபேனா உதவுமா?

அவருக்குப் பிடித்த பழைய படங்களை மெமரி கார்டில் ஏற்றிவிடுவது நல்லது என்று எனக்குப் படுகிறது. பவர் பேங்க் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், அதன் கொள்ளளவு 100 வாட்-மணிக்குள் (Wh) இருக்க வேண்டும். அது தெரியும். அப்புறம், ஹட்டன் பக்கம் நல்ல டேப் எங்கே வாங்கலாம்? பெற்றோரை இப்படி அனுப்பியவர்கள் சொல்லுங்கள்.