நெட் ரேட் ஏறினப்போ உங்க பக்கம் என்ன நடந்தது? அனுபவத்தைச் சொல்லுங்க

அம்பை கேபிள்காரன்

அம்பாசமுத்திரம் பக்கம் கேபிளும் நெட்டும் நடத்துகிறேன். எனக்கு மேலே ஒரு கம்பெனி. ரேட்டை வைப்பது அவர்கள், வசூலுக்கு வீடு வீடாகப் போய் நிற்பது நான். போன தடவை 499 ரூபாய் பிளானை 549 ஆக்கினார்கள். எல்லோருக்கும் எஸ்.எம்.எஸ். அனுப்பியாச்சு என்றது கம்பெனி. வந்தது இங்கிலீஷில், லோன் விளம்பரத்துக்கும் ரம்மி விளம்பரத்துக்கும் நடுவில். யார் படிக்கப் போகிறார்கள்? ஆகக் கடைசியில் சேதி சொன்ன ஆள் நான்தான். அந்த மாத வசூலில் வாங்கிக் கட்டிக்கொண்டதை எழுதுகிறேன். நீங்களும் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க.

முதல் தகராறு கணக்கில். 499-க்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 589. 549-க்குச் சேர்த்தால் 648. ஏற்றம் 50 ரூபாய் என்று வாய் சொல்கிறது, கை 59 ரூபாய் கூடுதலாக வாங்குகிறது. கல்லிடைக்குறிச்சியில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார், பழைய ரசீதையும் புது ரசீதையும் திண்ணையில் பக்கம் பக்கமாக வைத்தார். காற்றில் பறக்காமல் ஒன்றின் மேல் கண்ணாடிக் கூடு, இன்னொன்றின் மேல் வெற்றிலைச் செல்லம்.

"அம்பதுன்னு சொல்லுதீரு, அம்பத்தொம்பது வாங்குதீரு. அந்த ஒம்பது யாருக்குவே?"

"வரி சார்."

"ஏத்துனது அவன். அவன் ஏத்துனதுக்கு வரியும் நாந்தான் கட்டணும், என்ன?"

பதில் சொல்ல எனக்கு என்ன இருக்கிறது? அப்புறம் இதில் எனக்கு எவ்வளவு தேறும் என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. 650 ரூபாயை எண்ணிக் கொடுத்து, மீதி இரண்டு ரூபாயை மறக்காமல் கேட்டு வாங்கிக்கொண்டார்.

முக்கூடல் பக்கம் ஒரு வளவு. ஆறேழு வீடு, நடுவில் முற்றம், மதியத்துக்கு மேல் எல்லாப் பெண்களும் அங்கேதான் பீடி சுற்றுவார்கள். மடியில் சொளவு, சொளவில் இலையும் தூளும், எதிர்ச் சுவரில் சாய்த்து வைத்த போனில் சீரியல். நெட் பெட்டி ஒரு வீட்டில்தான் இருக்கிறது. பாஸ்வேர்டு ஐந்து வீட்டில். கனெக்‌ஷனைப் பகிரக்கூடாது என்பது கம்பெனி விதி. எனக்கு அந்தப் பக்கம் போனால் கண் சரியாகத் தெரிவதில்லை.

ரேட் ஏறிய சேதியைச் சொன்னதும் ஒரு அக்கா தலை நிமிராமலே கேட்டார்: "ஆயிரம் பீடிக்குக் கூலியக் கூட்டுங்கன்னு நாங்க எத்தன வருசமாக் கேக்கோம். ஒங்க கம்பெனிக்காரன் ஒருத்தர்ட்டயும் கேக்காமக் கூட்டிப்புட்டான், பாத்தியா?" ஒரே சிரிப்பு. கை மட்டும் எவருக்கும் நிற்கவில்லை. இலையை உருட்டி, நுனியை மடித்து, நூலைச் சுற்றி அறுத்துப் போட்டுக்கொண்டே அங்கேயே பஞ்சாயத்து நடந்தது. அதுவரை வாங்காதிருந்த ஆறாவது வீட்டையும் சேர்த்துவிட்டார்கள். 589-ஐ ஐந்தால் வகுத்தால் கிட்டத்தட்ட 118. 648-ஐ ஆறால் வகுத்தால் 108. ரேட் ஏறிய மாதத்தில் ஒரு வீட்டுக்குப் பத்து ரூபாய் குறைந்தது அந்த வளவில் மட்டும்தான்.

பேட்டை வாசி

உங்கள் பக்கத்தில் ஆளாவது வந்து சொன்னார். எனக்கு ஒன்றும் இல்லை. வழக்கம்போல ஜிபேயில் பழைய தொகையை அனுப்பினேன், அதுவும் ஏற்றுக்கொண்டது. மறுநாள் நெட் இல்லை. வயர்தான் அறுந்துவிட்டது என்று நினைத்து, மொட்டை மாடிக்கும் போஸ்ட் கம்பத்துக்கும் நடந்தேன். மாமரக் கிளையைக்கூட ஒன்றிரண்டு வெட்டினேன். கஸ்டமர் கேரில் ஒரு பாட்டை நாலு தடவை போட்டுவிட்டு, "சார், 59 ரூபாய் பெண்டிங் காட்டுது" என்கிறாள் அந்தப் பொண்ணு. 59 ரூபாய்க்காக வீட்டையே இருட்டாக்கலாமா? கட்டின 589-க்கு உண்டான நாளாவது ஓட விட்டிருக்கலாம். பணம் போனது கூடப் பெரிதில்லை, அந்த மாமரத்தைப் பார்த்தால்தான் ஆத்திரமாக வருகிறது.

அம்பை கேபிள்காரன்

அண்ணாச்சி, இனிமேல் கிளை வெட்டுவதற்கு முன் பெட்டியைப் பாருங்க. எல்.ஓ.எஸ். என்று எழுதிய லைட் சிவப்பாக மினுக்கினால் வயரில் வெளிச்சம் வரவில்லை என்று அர்த்தம். எங்கேயோ அறுந்திருக்கிறது, அல்லது மடங்கியிருக்கிறது. பான் (பி.ஓ.என்.) என்று எழுதிய லைட் பச்சையாக நிற்கிறது, இன்டர்நெட் லைட் மட்டும் எரியவில்லை என்றால் வயர் நன்றாக இருக்கிறது. அப்போது பெரும்பாலும் கணக்கைத்தான் நிறுத்தி வைத்திருப்பார்கள்.

வள்ளியூர் ரீசார்ஜ் கடை

வீட்டு நெட் கதை எனக்குத் தெரியாது, செல்போன் கதை தெரியும். 2024 ஜூலை 3, 4 தேதிகளில் ஜியோ, ஏர்டெல், வோடஃபோன் ஐடியா மூன்றும் ஏற்றின அல்லவா? அறிவிப்பு ஜூன் கடைசியிலேயே வந்துவிட்டது. நடுவில் கிடைத்த அந்தச் சில நாட்கள் என் கடையில் தீபாவளிதான். ஜியோவில் 84 நாள் பிளான் 666, அது 799 ஆகப் போகிறது. 28 நாளுக்கு 239 இருந்தது 299 ஆகிறது. வேலிடிட்டி இன்னும் பாக்கி இருக்கிறவர்கள் எல்லாம் வந்து, அது தீர்ந்ததும் ஏறிக்கொள்கிற மாதிரி பழைய ரேட்டில் ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் போட்டு வைத்தார்கள். வாழைத்தார் ஏற்றுகிற ஒரு அண்ணாச்சி, வீட்டில் உள்ள அத்தனை நம்பரையும் சிகரெட் அட்டையில் எழுதி வந்தார். சம்பந்தி நம்பரும் அதில் இருந்தது. "கல்யாணத்துல செய்யாததை இதுல செஞ்சுட்டுப் போறேன்" என்றார்.

ஜூலை பிறந்ததும் வேறு கூட்டம். "நம்பர் மாறாம கம்பெனி மாறணும்." அந்த ஒரு மாதத்தில் பி.எஸ்.என்.எல்.லுக்கு நாடு முழுக்க சுமார் 29 லட்சம் பேர் கூடினதாக, போன் கம்பெனிகளை மேற்பார்க்கிற அரசு ஆணையமான டிராயின் கணக்கு சொன்னது. நம்ம ஊர்க்காரர்களும் அதில் ஒரு கை. தெரியாதவர்களுக்கு முறையைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலீஷில் போர்ட் என்று அடித்து, ஒரு இடம் விட்டு, உங்கள் நம்பரைப் போட்டு 1900-க்கு அனுப்பினால் ஒரு கோடு நம்பர் வரும். இங்கே அது நாலு நாளுக்குச் செல்லும். இப்போது இருக்கிற கம்பெனியில் 90 நாள் ஆகியிருக்க வேண்டும், போஸ்ட்பெய்டு என்றால் பாக்கி இருக்கக்கூடாது.

கோபத்தில் மாற வந்தவர்கள் பாதிப் பேர் 90 நாளில் அடிபட்டார்கள். ஏனென்றால் ஏதோ ஒரு சலுகைக்காக அப்போதுதான் மாறி வந்திருந்தார்கள்.

மேலப்பாளையம் தம்பி

எங்கள் வீட்டில் நெட் எடுத்ததே அண்ணன் துபாயில் இருப்பதால். அங்கே வாட்ஸாப் கால் எடுக்காது, போட்டிம் என்கிற ஆப்தான். ராத்திரி அவன் டூட்டி முடிந்து வந்ததும் உம்மா போனைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். ரேட் ஏறியதும் நான் வேறு கம்பெனி பார்க்கலாம் என்றேன், அண்ணன் அங்கிருந்து நான் அனுப்புகிறேன் விடு என்றான். உம்மா இரண்டு பேர் பேச்சையும் கேட்கவில்லை. கஸ்டமர் கேருக்குத் தானே போட்டார்கள்.

"நான் என் மவன் மூஞ்சியப் பாக்கத்தான் வச்சிருக்கேன். அவ்வளவு வேகம் எனக்கு எதுக்குப்பா? வேகத்தைக் குறை, காசைக் குறை."

அந்தப் பக்கம் இருந்தவர் பிளான் பெயராக அடுக்குகிறார். உம்மா விடவில்லை, அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். கடைசியில் 399-க்கு ஒரு பிளான் இருப்பது வெளியே வந்தது, வரியோடு 471. அவர்கள் ஆப்பில் முதல் பக்கத்தில் அது தெரியாது, கீழே தள்ளிக்கொண்டே போக வேண்டும். மாற்றின பிறகு வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வீடியோ காலுக்கு இரண்டு மூன்று எம்.பி. வேகம் போதும், நாங்கள் நூறு எம்.பி.க்குக் காசு அழுதுகொண்டிருந்தோம். மாறுவதற்கு முன் எல்லோரும் இதை ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

ஸ்ரீவைகுண்டம்

எங்கள் தெருவில் ரேட் ஏறியதற்கு ஒருவரும் சண்டை போடவில்லை. காரணம் 2023 டிசம்பர். 17, 18 தேதி மழை இங்கே எவருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி ஊருக்குள் வந்துவிட்டது, கரண்டு இல்லை, டவர் இல்லை, சொந்தக்காரர்கள் இருக்கிறார்களா போனார்களா என்று தெரியவில்லை. தண்ணீர் வடிந்து சேறு காய்வதற்குள் லைன் பையன் வந்துவிட்டான். முழங்கால் வரை சகதி. ஒயர் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒட்டுப் போடுகிற மெஷினை நனையாமல் அரிசிப் பையில் சுற்றித் தலையில் வைத்திருந்தான். தெரு முனையில் ஒரு வீட்டு மாடியில் இன்வெர்ட்டர் தப்பியிருந்தது. அங்கே முதலில் லைனைக் கொடுத்தான். தெருவே அந்த மாடியில் ஏறி வைஃபையில் பேசியது. சென்னையில் இருக்கிற என் தங்கச்சி என் குரலைக் கேட்டது அப்போதுதான்.

அடுத்து வந்த ஏற்றத்துக்கு அவன்தான் ரசீது புத்தகத்தோடு நின்றான். என்ன பேச முடியும்?

தென்காசி, வீட்டிலிருந்து வேலை

ஸ்ரீவைகுண்டத்துக்காரர் சொல்வது நெஞ்சைத் தொடுகிறது, ஆனால் எனக்கு ஒத்துவரவில்லை. சகதியில் வந்தது பையன், ஏத்தின பணம் போனது கம்பெனிக்கு. அந்தப் பையனுக்குச் சம்பளம் கூடியதா?

நான் அமைதியாக வெளியேறின ஜாதி. வேலை நெட்டில்தான், அதனால் முதலில் இரண்டாவது கம்பெனி லைனை இழுத்து, அது நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பழையதை வெட்டினேன். வீட்டு நெட்டுக்குப் போர்ட் என்று ஒன்று கிடையாது. புது வயர், புதுப் பெட்டி, சில இடத்தில் டெபாசிட் என்று முதல் மாதமே கை கடிக்கும், கணக்குப் போட்டுத்தான் இறங்க வேண்டும். வெட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்த அன்றே பழைய கம்பெனியிலிருந்து போன். மூன்று மாதத்துக்குப் பழைய ரேட்டே தருகிறோம் சார் என்கிறார்கள். அப்படியானால் ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்த எனக்கு முதலிலேயே தருவதற்கு என்ன?

டிராயிடம் ரேட்டைக் குறைக்கச் சொல்லி எழுதிப் பயனில்லை. ரேட்டைக் கம்பெனிகளே வைத்துக்கொள்ளலாம் என்று விட்டாயிற்று. பேட்டை அண்ணாச்சிக்கு நடந்த மாதிரி பில் தகராறு என்றால் வழி இருக்கிறது. கஸ்டமர் கேரில் புகார் நம்பரை வாங்கி வையுங்கள். அது சரியாகவில்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். பெயர் எல்லாம் அவர்கள் வெப்சைட்டில் இருக்கும். புகார் நம்பர் இல்லாமல் எழுதினால் திரும்பி வந்துவிடும்.

அம்பை கேபிள்காரன்

தென்காசி அண்ணன் கேட்டது நியாயம். என் பையன்களுக்கு ஏறவில்லை, ஏனென்றால் எனக்கே ஏறவில்லை. என் பங்கைக் கூட்டச் சொல்லிக் கம்பெனியில் கேட்டதற்கு மெயில் போடுங்க என்றார்கள், போட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் கவனித்தேன். வாசலில் நின்று "இன்னைக்கே வெட்டிட்டுப் போவே" என்று கத்தினவர்களில் ஒருவர்கூட வெட்டவில்லை. அடுத்த மாதமும் கத்திக்கொண்டே கட்டுகிறார்கள், அவர்கள் நல்லா இருக்கட்டும். கனெக்‌ஷன் வேண்டாம் என்றவர்கள் எல்லாம் மரியாதையாகப் பேசினவர்கள். விக்கிரமசிங்கபுரத்தில் ஒருத்தர் உட்கார வைத்து டீ கொடுத்து, வீட்டில் எல்லோரும் சுகமா என்று விசாரித்துவிட்டு, பெட்டியைத் துடைத்துக் கவரில் போட்டுக் கொடுத்தார். கடைக்கு வந்து பிரித்தால் அடாப்டர் இல்லை. அதற்குக் கம்பெனி என் கணக்கில் பிடித்துவிட்டது. அவர் இதைப் படித்தால், பக்கத்து மளிகைக் கடையில் கொடுத்து வையுங்க சார், நான் வரும்போது வாங்கிக்கிடுதேன்.