சத்தம் இடது சக்கரத்தில், எஸ்டிமேட் ₹76,700: எதற்கெல்லாம் ஒப்புதல் தருவது?

கேள்வி (கடலூர், மஞ்சக்குப்பம்)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது ஆறு ஆண்டு பழைய பெட்ரோல் கார். 68,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மாதம் இருமுறை அம்மாவைக் கோரிமேட்டில் உள்ள ஜிப்மருக்கு அழைத்துச் செல்ல அதைத்தான் நம்பியிருக்கிறேன். சில வாரங்களாகக் கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் பக்கம் வேகத்தடைகளில் ஏறி இறங்கும்போது முன்பக்க இடது சக்கரத்தருகே ‘டொக் டொக்’ என்று சத்தம் கேட்கிறது. ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுப்பதோ நடுங்குவதோ இல்லை.

புதுச்சேரியில் உள்ள கம்பெனி சர்வீஸ் சென்டரில் காலையில் வண்டியை விட்டேன். மாலையில் வாட்ஸ்அப்பில் எஸ்டிமேட் வந்தது. ஸ்டியரிங் கியர் அசெம்பிளி ₹24,800, லோயர் ஆர்ம் இரண்டு ₹6,300, முன் ஷாக் அப்சார்பர் இரண்டு ₹7,800, லிங்க் ராடு இரண்டு ₹1,900, ஸ்ட்ரட் மவுன்ட் இரண்டு ₹2,300 என உதிரிபாகங்கள் மட்டும் ₹43,100. லேபர் ₹12,000, அதில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனிக் கூலி போட்டிருக்கிறார்கள். இவை போக எஞ்சின் டீகார்பனைசிங் (உள்ளே படிந்த கரியை அகற்றுவது) ₹3,200, அடிப்பகுதித் துருத்தடுப்புப் பூச்சு ₹5,400, கன்ஸ்யூமபிள்ஸ் (கிரீஸ் போன்ற செலவுப் பொருட்கள்) ₹1,300. மொத்தம் ₹65,000, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து ₹76,700.

“ஸ்டியரிங் சம்பந்தப்பட்ட விஷயம் சார், அம்மாவை வச்சுக்கிட்டு ரிஸ்க் எடுக்காதீங்க” என்று சர்வீஸ் அட்வைசர் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. நான் சொன்ன குறை ஒரே ஒரு சத்தம். இந்தப் பட்டியலில் எந்த வரி அந்தச் சத்தத்துக்கானது என்று எனக்குப் புரியவில்லை. நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். விவரம் அறிந்தவர்கள் வழிகாட்டுங்கள்.

பதில் 1 (நெல்லித்தோப்பு, ஒர்க்‌ஷாப் நடத்துபவர்)

ஐயா, பதற வேண்டாம். ஒப்புதலையும் இன்று கொடுக்க வேண்டாம். வண்டியைப் பார்க்காமல் யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் மெதுவாகப் போகும்போது வேகத்தடையிலும் சிறு பள்ளத்திலும் மட்டும் ‘டொக்’ என்று கேட்டால் நான் முதலில் கை வைப்பது, வண்டி ஒரு பக்கம் சாயாமல் தடுக்கும் கம்பியைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் லிங்க் ராடில்தான். உங்கள் பட்டியலிலேயே விலை குறைந்த பாகம் அது. அதன் முனையில் உள்ள சிறிய பந்து மூட்டு தேய்ந்தால் போதும், வண்டியே கழன்று விழுவதுபோல் சத்தம் வரும்.

நாளை நேரில் போய், வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லி, நீங்களும் கீழே நின்று பாருங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் லோயர் ஆர்மின் (சக்கரத்தைக் கீழிருந்து வண்டியோடு பிடித்திருக்கும் பாகம்) பால் ஜாயின்ட்டையோ, அதாவது பந்து மூட்டையோ, வீல் பேரிங்கையோ பார்க்க வேண்டும். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது தெரிந்தால் டை ராடு (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) முனையையோ ரேக்கையோ (உங்கள் பட்டியலில் உள்ள ஸ்டியரிங் கியர் அசெம்பிளி) பார்க்க வேண்டும். ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்றால் அதன் உடம்பில் எண்ணெய் வழிந்து, தூசி ஒட்டிப் பிசுபிசுப்பாக இருக்கும். வண்டி நிற்கும்போது ஸ்டியரிங்கைத் திருப்பினால் மேலே ‘கடகட’ என்று கேட்பது பெரும்பாலும் ஷாக் அப்சார்பரின் மேல் முனையைப் பிடித்திருக்கும் ஸ்ட்ரட் மவுன்ட். ₹24,800 கேட்கிற ஸ்டியரிங் அசெம்பிளியில் ஆட்டம் எங்கே இருக்கிறது என்று அவர்கள் உங்கள் கண்ணுக்குக் காட்டியாக வேண்டும். காட்ட முடியாத பழுதுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

லேபரிலும் ஒன்றைக் கவனியுங்கள். பெரும்பாலான கார்களில் ஷாக் அப்சார்பரைக் கழற்றுவதென்றால் லிங்க் ராடின் மேல் முனையையும் மவுன்ட்டையும் கழற்றாமல் முடியாது. அந்த வேலைக்கு ஒருமுறை கூலி வாங்கிவிட்டு, லிங்க் ராடுக்கும் மவுன்ட்டுக்கும் முழுக் கூலியை மறுபடி போட்டால் ஒரே போல்ட்டைக் கழற்ற இரண்டு முறை காசு கேட்பதாகிவிடும்.

பதில் 2 (வில்லியனூர், கணக்காளர்)

உதிரிபாகங்களின் ₹43,100 எந்த விலை என்று முதலில் கேளுங்கள். பெட்டியில் அச்சிட்டிருக்கும் எம்ஆர்பி எல்லா வரிகளும் உள்ளடங்கிய விலை. எஸ்டிமேட்டில் இருப்பது எம்ஆர்பி என்றால் அதன்மேல் மறுபடி 18 சதவீதம் போட இடமில்லை. உங்கள் கணக்கில் அந்த ஒரு தவறே ₹7,758 ஆகிறது. வரிக்கு முந்தைய விலை என்றால் 18 சதவீதம் சரிதான். பல பாகங்களுக்கு 28 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகக் குறைந்தது. ஆகவே பழைய விலைப்பட்டியலை வைத்துப் போட்ட தொகையா என்றும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பாகத்துக்கும் பார்ட் நம்பரும் எம்ஆர்பியும் எழுதித் தரச் சொல்லுங்கள். நம்பர் கையில் இருந்தால் வெளியே எந்த ஸ்பேர் கடையிலும் விலை விசாரிக்கலாம்.

பதில் 3 (அரியாங்குப்பம், முன்பு சர்வீஸ் அட்வைசராக இருந்தவர்)

எல்லாவற்றையும் மோசடி என்று முடிவு கட்டிவிட வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். ஷாக் அப்சார்பரை இரு பக்கமும் சேர்த்து மாற்றச் சொல்வது நியாயமானதே. ஒன்று புதிதாகவும் மற்றது பழையதாகவும் இருந்தால் வண்டி சீராக நிற்காது. லோயர் ஆர்மில் புஷ் (ரப்பர் உறை) மட்டும் கெட்டிருந்தாலும், சில மாடல்களுக்கு முழு ஆர்மாகத்தான் பாகம் வருகிறது. வேலை முடிந்தபின் வீல் அலைன்மென்ட் கட்டாயம் தேவை.

ஆனால் டீகார்பனைசிங், துருத்தடுப்புப் பூச்சு இரண்டும் உங்கள் சத்தத்துக்குச் சம்பந்தமில்லாதவை. நான் வேலை பார்த்த இடத்தில் அவற்றுக்கு மாதாந்திர இலக்கு இருந்தது. குறை சொல்லாத வண்டிக்கும் எழுதியிருக்கிறோம். அதை நினைத்து இன்றும் வருந்துகிறேன். உப்புக்காற்று வீசும் நம் ஊரில் துருத்தடுப்பு பயனற்றது என்று சொல்ல மாட்டேன். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் அடிப்பகுதியைப் பார்ப்பதும் நல்லது. அதை வேறொரு நாளில் தனியாக முடிவு செய்யுங்கள்.

ஜாப் கார்டில் (வண்டியை விடும்போது எழுதும் வேலைச் சீட்டு) உங்கள் குறை உங்கள் சொற்களிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். “சஸ்பென்ஷன் செக்” என்று பொதுவாக எழுதியிருந்தால் அதன்கீழ் எதை வேண்டுமானாலும் சேர்த்துவிடலாம். வேலை செய்யாமல் வண்டியை எடுத்தால் பரிசோதனைக் கட்டணம் எவ்வளவு என்பதையும், மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தருவார்களா என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

பதில் 4 (கடலூர் முதுநகர், வழக்கறிஞர்)

பேச்சில் தீரும் என்றே நினைக்கிறேன்; தீராவிட்டால் மட்டும் இது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவை அளித்த இடம் புதுச்சேரியாக இருந்தாலும், நீங்கள் வசிக்கும் கடலூரின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் செய்யலாம். கொடுத்த தொகை ₹5 லட்சத்துக்குள் இருந்தால் புகார்க் கட்டணம் இல்லை. காலவரம்பு இரண்டு ஆண்டுகள். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து பார்க்கலாம். வாட்ஸ்அப்பில் வந்த எஸ்டிமேட்டை அழித்துவிடாதீர்கள். இனி கேட்பதையெல்லாம் எழுத்திலேயே கேளுங்கள்.

கேட்டவரின் பதில் (நான்கு நாட்களுக்குப் பின்)

அனைவருக்கும் என் நன்றி. மறுநாள் நேரில் சென்று, எந்த வரி எந்தக் குறைக்கு என்று எழுதித் தருமாறும், லிஃப்டில் ஏற்றிக் காட்டுமாறும் கேட்டேன். அரைமணி நேரம் காத்திருக்க வைத்தார்கள், ஆனால் மறுக்கவில்லை. இடது லிங்க் ராடைக் கையால் ஆட்டியபோது நான் வழியெல்லாம் கேட்டுவந்த அதே சத்தம் வந்தது. இடது லோயர் ஆர்மின் பால் ஜாயின்ட்டிலும் சிறிது ஆட்டம் இருந்தது. ஸ்டியரிங் ரேக்கில் எதையும் காட்ட முடியவில்லை. “கிலோமீட்டரைப் பார்த்து எழுதினோம்” என்று மெக்கானிக் சொன்னார். உதிரிபாக விலை எம்ஆர்பிதான் என்றும், வரி இரண்டாம் முறை சேர்ந்துவிட்டது என்றும் கவுன்டரில் ஒப்புக்கொண்டார்கள்.

லிங்க் ராடு இரண்டு ₹1,900, இடது லோயர் ஆர்ம் ₹3,150. கூலியும் அலைன்மென்ட்டும் வரியோடு ₹2,950. ஆக ₹8,000 கொடுத்து, பழைய பாகங்களையும் கேட்டு வாங்கி வந்தேன். இடது ஷாக் அப்சார்பரில் லேசான எண்ணெய்க் கசிவு இருந்ததை நானே பார்த்தேன். அடுத்த சர்வீஸில் இரண்டையும் மாற்றிவிடுவேன். நேற்று அம்மாவை ஜிப்மருக்கு அழைத்துச் சென்றேன். தவளக்குப்பம் வேகத்தடையில் ஏறி இறங்கியபோது, “சத்தம் போயிடுச்சாப்பா?” என்று பின்னிருக்கையிலிருந்து அவர்தான் முதலில் கேட்டார்.