ஆளுயரக் கதைப் புத்தகம் செய்தபோது நேர்ந்தவை

தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவர்:

நாற்பது குழந்தைகளுக்கு நடுவில் உள்ளங்கை அகலப் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்துக் கதை வாசித்தால், முதல் வரிசைக்குப் படம் தெரியும். மற்றவர்களுக்கு என் முழங்கைதான் தெரியும். மடியில் உட்காரும் குழந்தை எழுத்தைப் பார்த்துக்கொண்டே கதை கேட்பதுபோல வகுப்பு முழுவதும் கேட்க வேண்டும் என்று 1970களில் பெரிய புத்தகங்களைப் பரப்பிய நியூசிலாந்துக் கல்வியாளர் டான் ஹோல்டவேயின் நோக்கத்தை ஒரு பயிற்சியில் அறிந்துகொண்ட பிறகு, நானே ஒன்று செய்யத் துணிந்தேன்.

கோலமாவைச் சுமந்து போகும் எறும்பைப் பற்றி நானே எழுதிய கதை அது. குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டையை நான்கடி உயரத்துக்கு வெட்டினேன். அட்டைக்குள் இருக்கும் நெளிவுகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று பார்க்காததே என் முதல் தவறு. அவை குறுக்காக ஓடியதால், நிறுத்திய மறுநிமிடமே பக்கங்கள் தலைகுனிந்து முன்னால் மடிந்தன. மேலிருந்து கீழாக நெளிவு ஓடும்படி மறுபடி வெட்டி ஒரு பக்கம் மட்டும் வெள்ளைத்தாள் ஒட்டியபோது, ஈரத்தில் விரிந்த தாள் காயும்போது சுருங்கி அட்டையையும் இழுத்துக்கொள்ள, காலையில் பார்த்தால் எல்லாம் பொரித்த அப்பளம்போல வளைந்திருந்தன. பின்புறமும் செய்தித்தாளை ஒட்டிப் பாரம் வைத்துக் காயவிட்ட பின்பே அவை நேராயின.

மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்தால் பூச்சி அரிக்காது என்பது பைண்டிங் செய்பவர்களின் பழைய வழக்கம். அது நஞ்சு என்பதாலும், விரலை வாயில் வைக்கும் வயதினர் தொடப்போகும் பொருள் என்பதாலும் நான் கலக்கவில்லை. இரண்டே மாதத்தில் கரப்பான்பூச்சிகள் எறும்புப் படத்தின் பின்பகுதியைத் தின்றுவிட்டன என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எழுத்தில்தான் அதிகம் திணறினேன். இரண்டு அங்குல உயரத்தில் எழுதியது கடைசி வரிசைக்கும் தெரிந்தது. ஆனால் கோடு போடும்போது வரி இடைவெளியைக் கணக்கில் எடுக்காததால், மேல் வரியிலிருந்த 'மூ'வின் கீழ்ச்சுழி, கீழ் வரியிலிருந்த 'கீ'யின் மேல்சுழியில் போய் மோதியது. ஒரு சிறுவன் அதை ஒரே எழுத்தாகக் கருதி, இதை எப்படி வாசிப்பது என்று கேட்டான். அந்தப் பக்கத்தை முழுவதுமாக மறுபடி எழுதினேன்.

பக்கங்களை இணைக்க வளையம் கோத்துப் பார்த்தேன். துளைகள் ஒரே வாரத்தில் கிழிந்தன. பிறகு மூன்று அங்குல அகலக் காடாத் துணிப் பட்டைகளை ஒட்டி, அட்டைகளுக்கிடையே இரண்டு அட்டைக் கனத்துக்கு இடம் விட்டேன். அந்த இடம் விடாவிட்டால் புத்தகம் மூடாது.

நூலகத்தில் கதை சொல்லும் தன்னார்வலர் ஒருவர்:

டீச்சர், காடாத் துணியைப் பற்றி நீங்கள் எழுதியது எனக்குப் பெரிதும் பொருந்துகிறது. நான் அட்டையையே விட்டுவிட்டேன். என் முதல் புத்தகத்தோடு பேருந்தில் ஏறியபோது, அதற்கும் டிக்கெட் வாங்க வேண்டும் என்றார் நடத்துனர். அதன்பின் பழைய வேட்டியை வெட்டிக் கஞ்சி போட்டு, துணி வண்ணத்தில் வரைந்து, மேல்விளிம்பில் மூங்கில் கழி செருகிக் கொடியில் தொங்கவிடுகிறேன். மடித்தால் தோள்பைக்குள் அடங்கிவிடும். கஞ்சி நன்றாகக் காய்வதற்கு முன் தீட்டியதால் நிலா கசிந்து மஞ்சள் குளமானது. குழந்தைகள் அதைக் குளமென்றே வாசித்தார்கள், நானும் கதையை அப்படியே மாற்றிக்கொண்டேன்.

துணியில் ஒரு குறை உண்டு. அட்டைப் பக்கத்தை இருவர் சேர்ந்து தூக்கிப் புரட்டும்போது குழந்தைகளின் முகத்தில் வரும் பெருமிதம் துணியைத் தள்ளும்போது வருவதில்லை. ஆகவே முதல் பக்கத்தை மட்டும் இன்னும் அட்டையில்தான் செய்கிறேன்; அதைத் திறக்கும் உரிமைக்காகவே வாரந்தோறும் சண்டை நடக்கிறது.