புதுப்பிப்பு: அப்பாவின் விடாத சளி இருமல்

"அப்பாவுக்கு ரெண்டு வருஷமா சளியோட இருமல், சிகரெட்டால வர்ற சாதாரண இருமல்தானா?" என்று முன்பு கேட்டிருந்தேன். இல்லை, நாள்பட்ட மூச்சுக்குழாய் அழற்சி. தொடர்ந்து 2 ஆண்டுகள், ஆண்டுக்கு 3 மாதமாவது சளி இருமல் இருந்து, வேறு காரணமும் இல்லையென்றால் இந்தப் பெயராம். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை; மூச்சுக்குழாய் சுருங்கியிருப்பதை ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரிதான் காட்டிக்கொடுத்தது.

இன்ஹேலர் முதலில் பலனே தரவில்லை. பார்த்தால் மருந்தெல்லாம் தொண்டையிலேயே தங்கியிருக்கிறது! ஸ்பேசர் (இன்ஹேலரோடு இணைக்கும் குழாய்) மாட்டி, மெதுவாக இழுத்து, 10 விநாடி மூச்சை அடக்கப் பழகிய பிறகுதான் வித்தியாசம். ஸ்டீராய்டும் கலந்திருப்பதால் உடனே வாய் கொப்பளிக்க வேண்டும்.

ஆன்டிபயாடிக் பற்றிக் கேட்டவர்களுக்கு: தினசரி இருமலுக்கு இல்லை. சளி நிறம் மாறி, அளவு கூடி, மூச்சுத்திணறலும் அதிகமானால் டாக்டர் முடிவு செய்வார். ஃப்ளூ, நிமோகாக்கல் (நிமோனியாவுக்கானது) தடுப்பூசிகள் போட்டாச்சு.

சிகரெட்? 6 வாரமாகத் தொடவில்லை. அப்படித்தான் சொல்கிறார்.