மகளுக்காக வீட்டையே மாற்றிக்கொண்டோம்: இது உதவியா, உபத்திரவமா?

கேள்வி: பாலக்கோடு விவசாயி

வணக்கம். பாலக்கோட்டுக்கு அருகில் ஒரு கிராமத்தில் மல்பெரி பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்க்கிறோம். தருமபுரியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் எங்கள் மகளுக்கு ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோய் இருப்பதாக மூன்று மாதங்களுக்கு முன் மனநல மருத்துவர் உறுதிசெய்து, மாத்திரை தொடங்கியிருக்கிறார். மாத்திரையைத் தவறாமல் கொடுத்து வருகிறோம். நான் கேட்க வந்தது எங்களைப் பற்றி.

கூடு விற்க அங்காடிக்குப் போய்த் திரும்பினால், நான் பின்வாசல் வழியாக வந்து, துணிகளைத் துவைக்கும் கல்லிலேயே போட்டுவிட்டு, தலைக்குக் குளித்த பிறகுதான் வீட்டுக்குள் நுழைய வேண்டும். அவள் சாப்பிடும் தட்டை என் மனைவி அவள் கண் முன்னால் மூன்று முறை கழுவ வேண்டும். ஒகேனக்கல் குடிநீர் வராத நாளொன்றில், குடிக்க வைத்திருந்த இரண்டு குடத்தையும் அவள் கை கழுவக் கொடுத்துவிட்டு, என் மனைவி பக்கத்து வீட்டு வாசலில் குடத்தோடு நின்றாள். இரவு படுத்த பிறகு, "அப்பா, நான் அந்த வாளியைத் தொடவில்லைதானே?" என்று மகள் கேட்பாள். "தொடவில்லை அம்மா" என்பேன். சில இரவுகளில் இருபது முறை. முன்பு சொன்ன அதே குரலில் சொல்கிறேனா என்று என் முகத்தையே பார்ப்பாள்.

அடித்தால் சரியாகும் என்று சிலர், மந்திரித்தால் சரியாகும் என்று சிலர், கல்யாணம் செய்து வைத்தால் எல்லாம் போய்விடும் என்று சிலர். எதையும் நாங்கள் காதில் வாங்கவில்லை. அவள் மனம் ஆறட்டும் என்று கேட்டதையெல்லாம் செய்தோம். ஆனால் கேட்பது குறையவில்லை, இரட்டித்திருக்கிறது. நாங்கள் செய்வது தவறா?

பதில் 1: காவேரிப்பட்டினம் வாசகி

அண்ணா, உங்கள் மனைவி குடத்தோடு நின்றதைப் படித்தபோது அழுகை வந்துவிட்டது. என் கணவருக்கு இருப்பது சரிபார்க்கும் ஓசிடி. கேஸ் அடுப்பை அணைத்தோமா, கதவைப் பூட்டினோமா என்று கிருஷ்ணகிரிக்குப் பேருந்தில் பாதி வழி போய்த் திரும்பி வருவார். அதைத் தடுப்பதாக நினைத்து, பூட்டைக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பத் தொடங்கினேன். ஒரு மாதத்தில் படம் போதவில்லை. பூட்டை இழுத்துக் காட்டும் வீடியோ வேண்டும் என்றார். ஒருநாள் பொறுமை இழந்து, இனி எதுவும் அனுப்ப மாட்டேன் என்று கத்திவிட்டுத் தாய்வீட்டுக்குப் போய்விட்டேன். அந்த வாரம் அவர் வேலைக்கே போகவில்லை.

பிறகு பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் ஓசிடிக்கென்று இருக்கும் கிளினிக்குக்குப் போனோம். அங்கே என்னையும் உட்காரவைத்துப் பேசினார்கள். இருவரும் சேர்ந்து முடிவு செய்து, முதலில் வீடியோவை மட்டும் நிறுத்தினோம். அது பழகிய பிறகுதான் படத்தை நிறுத்தினோம். இன்றும் பூட்டை ஒன்றிரண்டு முறை இழுத்துப் பார்க்கிறார், ஆனால் பேருந்தைத் தவறவிடுவதில்லை.

பதில் 2: மனநல சமூகப் பணியாளர், கிருஷ்ணகிரி மாவட்டம்

ஐயா, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த நோயை நீங்கள் உண்டாக்கவில்லை. மரபுக்கூறும் மூளையின் செயல்பாடும் இதில் பங்கு வகிக்கின்றன. வளர்ப்பு சரியில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நீங்கள் செய்துவருவதைக் குடும்பத்தினர் நோய்க்கு ஒத்துப்போவது என்று எங்கள் துறையில் சொல்கிறோம். அதை அளப்பதற்கென்றே கேள்வித்தாள் இருக்கிறது. இந்த நோயுள்ள பெரும்பாலான வீடுகளில் இது நடக்கிறது, அன்பினால்தான் நடக்கிறது.

புழு மனைக்குள் நுழையும் முன் பிளீச்சிங் கரைசலில் காலை நனைத்துக் கையைக் கழுவுகிறீர்கள். ஒருமுறை முடிந்ததும் உங்கள் மனம் 'போதும்' என்று சொல்லிவிடுகிறது. உங்கள் மகளுக்கு அந்தப் 'போதும்' கேட்பதில்லை. பதற்றம் எழும்போது நீங்கள் "தொடவில்லை" என்றதும் அது சட்டென்று தணிகிறது. தணிந்ததற்குக் காரணம் அப்பாவின் பதில்தான் என்று மூளை கற்றுக்கொண்டு, அடுத்த முறையும் அதையே கேட்கிறது. பதிலே கிடைக்காவிட்டாலும் பதற்றம் ஏறி, நின்று, தானாக இறங்கும் என்பதைக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு அவளுக்குக் கிடைப்பதே இல்லை. அஞ்சுவதை எதிர்கொண்டு, வழக்கமான சடங்கைச் செய்யாமல் இருக்கப் பழக்கும் சிகிச்சை இந்த வாய்ப்பைத்தான் தருகிறது. லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் 1966-இல் வெளியிட்ட முறையிலிருந்து வளர்ந்த அந்தச் சிகிச்சைதான் இன்றும் மாத்திரையோடு சேர்த்து முதலில் பரிந்துரைக்கப்படுகிறது. மாத்திரை மட்டும் தருகிறார்கள் என்றால், இந்தச் சிகிச்சையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரையின் பலன் முழுதாகத் தெரியப் பத்துப் பன்னிரண்டு வாரங்கள் ஆகலாம், அளவையும் கூட்ட வேண்டியிருக்கலாம், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே எல்லாவற்றையும் நிறுத்திவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்துவது, தண்டிப்பதைப் போல் அவளைத் தாக்கும். திட்டுவதும் குறைகூறுவதும் நோயை மோசமாக்குகின்றன. அவள் அமைதியாக இருக்கும் நேரத்தில் மூவரும் உட்கார்ந்து, எதைக் குறைப்பது என்பதை அவளையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். எளிதானதிலிருந்து தொடங்கட்டும். அப்பா மறுத்ததை அம்மா இரக்கப்பட்டுச் செய்துவிட்டால், அழுதால் கிடைக்கும் என்றுதான் பொருளாகும். ஆகவே நீங்கள் இருவரும் ஒரே சொல்லில் நிற்க வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்வதாக அவள் பேசினால், அதை மிரட்டல் என்று தள்ளாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம்.

பதில் 3: அரூர் இளைஞன்

ஐயா, உங்கள் மகளுக்கு இருப்பது எனக்கும் உண்டு. அம்மா "ஒன்றும் ஆகாது" என்றதும் வரும் நிம்மதி, காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர்தான்; அடுத்த நொடியில் இருக்காது. கேள்வி முட்டாள்தனமானது என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் கேட்காமல் இருக்க முடியாது, கேட்ட பிறகு வெட்கமாக இருக்கும். சிகிச்சையில் பேசி வைத்துக்கொண்டபடி, ஒருநாள் என் அம்மா, "இதை நீ கேட்கவில்லை, நோய் கேட்கிறது. அதற்கு நான் பதில் சொல்ல மாட்டேன். ஆனால் நீ தூங்கும்வரை இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்" என்றார். அன்று இரவு எனக்கு அவர் மீது கடுங்கோபம். ஆனாலும் அவர் எழுந்து போகவில்லை, அதுதான் என்னைத் தாங்கியது.

பாலக்கோடு விவசாயி

பதில் எழுதிய மூவருக்கும் என் நன்றி. ஞாயிற்றுக்கிழமை மூவரும் உட்கார்ந்து பேசினோம். இரவுக் கேள்வியை இப்போது விட முடியாது என்று மகள் சொல்லிவிட்டாள். தட்டை மூன்றுக்குப் பதில் இரண்டு முறை கழுவினால் பார்க்கலாம் என்று அவளாகவே சொன்னாள். அடுத்த வாரம் மருத்துவரிடம் மூவருமே போகிறோம், அந்தச் சிகிச்சையைப் பற்றியும் கேட்கப் போகிறோம்.

நேற்று இரவு என் மனைவி இரண்டு முறை கழுவிவிட்டுக் களியை வைத்தாள். மகள் தட்டையே பார்த்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். நாங்களும் சாப்பிடாமல் கூடவே உட்கார்ந்திருந்தோம். களி ஆறிப்போன பிறகு, ஒரு கவளம் எடுத்துக் குழம்பில் தோய்த்தாள்.